வருதா, போகுதா?

அந்தப் பேருந்து நிலையத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஒரு பழக்கம். பெண் குரல் கேட்டால் வண்டி புறப்படுகிறது. ஆண் குரல் கேட்டால் வண்டி வருகிறது. எந்தப் புண்ணியவான் ஆரம்பித்து வைத்தாரோ தெரியாது. சட்டத்தில் இல்லை, சுற்றறிக்கையில் இல்லை, ஆனால் ஜனங்களுக்கு உடம்பில் ஊறிவிட்டது. ஒலிபெருக்கியில் பெண் குரல் 'பயணிகள்' என்று வாயைத் திறந்ததுமே பெஞ்சில் இருப்பவர்கள் பையைத் தூக்கிக்கொண்டு, வண்டிகள் புறப்படும் முன்பக்கத்துக்கு ஓடுவார்கள். எந்த எண், எந்த நடைமேடை, எதுவும் காதில் விழாது. ஆண் குரல் என்றால் கையிலிருக்கும் டீயைக்கூடக் கீழே வைக்க மாட்டார்கள். யாரையாவது அழைத்துப்போக வந்தவர்கள் மட்டும் கழுத்தை நீட்டி, வண்டிகள் வந்து நிற்கும் பின்பக்கம் பார்ப்பார்கள்.

அந்தப் பெண் குரலுக்குச் சொந்தக்காரியின் மூத்த பிள்ளையைப் பற்றித்தான் இந்தக் கதை. வீட்டில் அதற்குப் பெயர் பெருசு. இளையது சின்னது. பிறப்புச் சான்றிதழில் இரண்டுக்கும் நல்ல நல்ல பெயர்கள் இருந்தன, யார் கூப்பிட்டார்கள்? "பெருசுக்கு இன்னும் பல்லே விழல" என்று அம்மா ஒருநாள் வாசலில் நின்று சொல்ல, எதிர்வீட்டுக்காரி, "உங்க மாமனார் கூடவே இருக்காரா? இந்த வயசுல எல்லாப் பல்லும் இருக்கா?" என்று ஆச்சரியப்பட்டுப் போனாள்.

பிள்ளைகளைப் பற்றி நாம் எப்படிப் பேசுவோமோ அப்படித்தான் அந்த வீட்டிலும் பேச்சு. பெருசு சாப்பிட்டுச்சா, சின்னது எங்க போச்சு, ரெண்டும் தூங்கிடுச்சா. நானும் அப்படியே சொல்லிக்கொண்டு போகிறேன், பெருசு வந்தது, பெருசு சிரித்தது என்று. மரியாதை தெரியாத ஆள் என்று என்மேல் பாய வேண்டாம். எங்கே மாற்றவேண்டுமோ அங்கே மாற்றுவேன். அப்புறம், அது பையனா பொண்ணா என்று கேட்க இப்போதே சிலருக்கு நாக்கு அரிக்கும். மருத்துவமனையில் எழுதிக் கொடுத்தது ஒன்று, பெருசுக்குத் தன்னைப் பற்றித் தெரிந்தது வேறு. எழுதிக் கொடுத்ததைத் தெரிந்துகொண்டு நீங்கள் என்ன செய்யப் போகிறீர்கள், சம்பந்தமா பேசப் போகிறீர்கள்? கதையைக் கேளுங்கள்.

பெருசுக்கு ஐந்து வயதில் ஒருநாள் பள்ளிக்கூடம் லீவு. அம்மா அதை அறிவிப்பு அறைக்கே கூட்டிக்கொண்டு போனாள். மாடியில் கண்ணாடிச் சன்னல் போட்ட சின்ன அறை, ஒரு மேஜை, மேஜைமேல் மைக், பக்கத்தில் தொலைபேசி. அம்மாவோடு அதே அறையில் வேலை பார்த்தவர்தான் நிலையத்தின் ஆண் குரல். அம்மாவை அவர் தங்கச்சி என்று கூப்பிடுவார், அதனால் பிள்ளைகளுக்கு அவர் மாமா. வருகையை அறிவிப்பவர் என்பதால் வருகை மாமா. டீக்கடைக்காரருக்கு அம்மா 'புறப்பாடு அக்கா'. இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்த நேரத்தில், அப்பாவின் வண்டியைப் பார்க்கலாம் என்று பெருசு கதவைத் திறந்துகொண்டு கிளம்பிவிட்டது. அப்பா அதே நிலையத்தில் நாற்பத்தேழாம் எண் வண்டியின் ஓட்டுநர். அம்மா மைக்கில் சொன்னால்தான் அவர் கிளம்புவார், வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான்.

அப்பாவின் வண்டி கிடைக்கவில்லை. வழி தவறி நின்ற பிள்ளையை ஒரு நடத்துநர் தூக்கிக்கொண்டு போய் விசாரணைக் கவுண்டரின்மேல் உட்கார வைத்தார். கவுண்டர்காரர் பெயரைக் கேட்டார். பெருசு என்றது. பையனா பொண்ணா என்று கேட்டார். முடி கழுத்து வரை, கால்சட்டை, நீலச் சட்டை, பார்த்தால் தெரியவில்லை. பெருசு நன்றாக யோசித்து, "மூத்த பிள்ளை" என்று சொன்னது. கவுண்டர்காரரும் அதையே ஒரு துண்டுச் சீட்டில் எழுதி அறிவிப்பு அறைக்கு அனுப்பிவிட்டார்.

சீட்டு வந்ததா, அம்மா வழக்கம்போல மைக்கைப் போட்டாள். பெருசு என்ற பெயருடைய மூத்த பிள்ளை, வயது ஐந்து, நீலச் சட்டை, விசாரணைக் கவுண்டரில் காத்திருக்கிறது, உரியவர்கள் உடனே வரவும் என்று பிசிறில்லாமல் இரண்டு தடவை வாசித்தாள். வாசித்து மைக்கை அணைத்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடித்துப் பிடித்துக்கொண்டு கீழே இறங்கினால் வழி இல்லை. பெண் குரல் கேட்டதே, பாதி நிலையம் பையோடு முன்பக்கம் ஓடிக்கொண்டிருந்தது.

பெற்ற பிள்ளை தொலைந்ததையே ஏற்ற இறக்கத்தோடு வாசித்தவள் என்று வருகை மாமா அம்மாவைப் பல வருஷம் ஓட்டினார். ஆனால் கவுண்டர்மேல் உட்கார்ந்திருந்த பெருசுக்கு நடந்தது வேறு. தலைக்கு மேலே தன் பெயர் முழங்கியது. மூத்த பிள்ளை காத்திருக்கிறது என்று நிலையத்துக்கே சொன்னார்கள். பையனா பொண்ணா என்று கூட்டத்தில் ஒருவரும் திருப்பிக் கேட்கவில்லை. அந்த நாற்காலியில் ஒருநாள் நாம் உட்கார வேண்டும் என்று பெருசு அன்றைக்கே முடிவு கட்டிவிட்டது. கவுண்டர்காரர் கொடுத்த பிஸ்கட்டைத் தின்றுகொண்டே எடுத்த முடிவு அது. கடைசிவரை மாறவில்லை.

அதற்குப் பிறகு வீட்டில் யாருக்கும் நிம்மதி இல்லை. பெருசு ஒரு எவர்சில்வர் டம்ளரை வாயருகே பிடித்துக்கொண்டு கண்ணில் பட்டதையெல்லாம் அறிவித்தது. சோப்பு உறையில் எழுதியிருந்ததை அறிவித்தது. சின்னது குளியலறைக்குள் போனால், 'குளியலறையில் இருக்கும் வண்டி இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்' என்று கதவுக்கு வெளியே நின்று அறிவித்தது. பள்ளிக்கூடத்தில் தினமும் காலையில் இரண்டு வரிசை, பையன்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று. பெருசு எந்த வரிசை குட்டையாக இருக்கிறதோ அதன் கடைசியில் போய் நிற்கும். ஏன் இப்படி என்று ஆசிரியை காதைத் திருகியபோது, ரெண்டும் சமமா இருக்கட்டுமேன்னுதான் டீச்சர் என்று பதில் சொன்னது. அன்றைக்கு முழுக்க வெளியே நிற்க வைத்தார்கள். வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் வெளியே நின்ற நேரத்தில் தெருவில் போகிற வண்டிகளையெல்லாம் மெதுவான குரலில் அறிவித்துக்கொண்டிருந்தது.

பதினாலு வயதில் ஒருநாள், எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது பெருசு விஷயத்தைப் போட்டு உடைத்தது.

"நான் பையனும் இல்ல, பொண்ணும் இல்ல. ரொம்ப நாளா யோசிச்சுப் பாத்துட்டேன். நீங்க மத்தவங்ககிட்டயிருந்து தெரிஞ்சுக்க வேண்டாம்னு நானே சொல்றேன்."

அப்பா கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டு பெருசின் முகத்தைப் பார்த்தார். அவர் வழியை மட்டும் கேட்டு வண்டி ஓட்டுகிற ஆள். இப்போது நாங்கள் என்ன பண்ணவேண்டும் என்று கேட்டார். ஒன்றும் பண்ண வேண்டாம், சொல்கிறேன் அவ்வளவுதான் என்றது பெருசு. அப்பா தலையை ஆட்டிவிட்டுச் சாப்பிட ஆரம்பித்தார். அம்மாவால் அப்படிச் சாப்பிட முடியவில்லை. அவளுக்குப் பயம். வெட்கமில்லை, கோபமில்லை, பச்சைப் பயம். உலகத்தோடு தினமும் ஒலிபெருக்கியில் பேசுகிறவளுக்கு உலகம் என்ன பேசும் என்று தெரியாதா?

வெளியே உன்னைப் பற்றிப் பேசும்போது வந்தான் என்பதா, வந்தாள் என்பதா என்று கேட்டாள். வீட்டில் சொல்வதுபோலவே வந்துச்சு, போச்சு என்று சொல்லேன் என்றது பெருசு. அம்மா தட்டை நகர்த்தி வைத்தாள்.

"வீட்ல நான் சொல்ற 'அது' வேற கண்ணு. ரோட்ல ஒருத்தன் சொல்ற 'அது' வேற. நான் சொன்னா செல்லம். அவன் சொன்னா உன்னை மனுஷக் கணக்குலயே சேக்கலன்னு அர்த்தம்."

சின்னதுக்கு அப்போது பத்து வயது. அது சாதத்தைப் பிசைந்துகொண்டே, 'அவங்க'ன்னு சொல்லுங்களேன், வருகை மாமாவை அப்படித்தானே சொல்றீங்க என்றது. அம்மாவுக்கு முகம் தெளிந்தது. அவங்க வந்தாங்க, அவங்க போனாங்க. அதில் ஆணும் இல்லை, பெண்ணும் இல்லை, மரியாதை மட்டும்தான் இருக்கிறது. வெளியே அவங்க, வீட்டுக்குள் பெருசு என்று பேசி முடித்தார்கள். முடித்த பிறகுதான் சின்னது கணக்குப் போட்டுப் பார்த்து அழ ஆரம்பித்தது. பெருசு மட்டும் அவங்க, நான் மட்டும் அவனா, இது எந்த ஊர் நியாயம் என்று. ஒரு வாரம் அதையும் அவங்க என்று கூப்பிட்ட பிறகே சமாதானம் ஆனது.

குரல் விஷயத்துக்கு வருகிறேன். வளர வளரப் பெருசின் குரல் அம்மா குரலுக்குக் கீழே, வருகை மாமா குரலுக்கு மேலே ஓர் இடம் பார்த்து உட்கார்ந்துகொண்டது. கனமான குரல், ஆனால் கரகரப்பு கிடையாது. தொலைபேசியில் கேட்பவர்கள் சார் என்று ஆரம்பித்து, மேடம் என்று மாற்றி, கடைசியில் ஹலோ என்று முடிப்பார்கள்.

இருபது வயதில் வேளை வந்தது. பிற்பகல் நேரத்தில் அறிவித்துக்கொண்டிருந்த பெண்மணி வேறு ஊருக்குப் போய்விட, அறிவிப்பாளர் தேவை என்று நிலையத்து வாசலில் தாள் ஒட்டினார்கள். பெருசு அன்றைக்கே விண்ணப்பம் வாங்கி எழுதியது. அதில் ஓர் இடத்தில் 'குரல்: ஆண் / பெண்' என்று அச்சடித்திருந்தார்கள். பெருசு இரண்டையும் அடித்துவிட்டு 'தெளிவு' என்று எழுதி வைத்தது.

நிலைய மேலாளர் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். தலைமை அலுவலகம் என்றால் தொடை நடுங்குகிறவர், அவ்வளவுதான். அறிவிப்பு அறையில் மைக் போட்டால் எரிகிற சிவப்பு விளக்கு அணைந்துபோய் ஒரு மாதம் ஆகியிருந்தது. அம்மா மூன்று தடவை எழுதிக் கொடுத்துவிட்டாள். ஒரு பல்பு மாற்ற மேலே கேட்க வேண்டும் என்று அவர் அதையும் கிடப்பில் போட்டிருந்தார். அப்படிப்பட்டவர் முன்னால் பெருசு போய் நின்றது. அவர் வா தம்பி என்று ஆரம்பித்து, முகத்தைப் பார்த்து, வாம்மா என்று மாற்றி, எதற்கும் இருக்கட்டும் என்று வாங்க, உக்காருங்க என்றார். விண்ணப்பத்தைப் பார்த்தார். தெளிவு என்ற இடத்தில் விரலை வைத்துக்கொண்டு சில வரிகள் வாசிக்கச் சொன்னார். பெருசு வாசித்தது. அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டார்.

"வாசிப்பெல்லாம் நல்லாத்தான் இருக்கு. ஆனா நீங்க பேசினா வண்டி வருதா போகுதான்னு ஜனங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் சொல்வேனே சார்."

அவருக்குப் புரியவில்லை. பெருசு பொறுமையாக விளக்கியது. வண்டி வந்தால் வருகிறது என்று சொல்வேன், போனால் போகிறது என்று சொல்வேன், அதற்குத்தானே சார் சம்பளம் என்றது. மேலாளர் மூக்குக்கண்ணாடியை மறுபடி மாட்டிக்கொண்டார். வியாழக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் பேசிப் பார்க்கட்டும், தலைமை அலுவலகத்தில் தொலைபேசியில் கேட்டு முடிவு செய்வார்கள் என்று சொல்லி அனுப்பினார்.

பெருசு புதன்கிழமையே சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிவைத்தது. இந்த ஒரு மணி நேரத்தில் நாற்காலி கிடைத்தால் உண்டு, இல்லையென்றால் ஆண் குரல், பெண் குரல் என்று கேட்கிற எந்த நிலையத்திலும் கிடைக்காது. அது பெருசுக்குத் தெரியும், வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதனால் அன்றைக்கு யாரும் அதைப் பற்றிப் பேசவே இல்லை. சின்னது மட்டும் குளியலறைக்குள் போகும்போது, அறிவிச்சுக்கோ, நாளைக்குப் பழக்கமா இருக்கும் என்று சொல்லிவிட்டுப் போனது.

வியாழக்கிழமை விடியும்போதே நிலையத்துக்கு முன்னால் குடிநீர்க் குழாய் உடைந்து சாலை அரை ஆள் ஆழத்துக்கு உள்வாங்கிவிட்டது. முன்வாசலை மூடிவிட்டார்கள். வருகிற வண்டி, போகிற வண்டி எல்லாம் பின்பக்கத்தில் ஏழு முதல் பன்னிரண்டு வரையிலான ஆறு நடைமேடைகளில்தான். வந்த வண்டி நின்ற இடத்திலேயே ஆளை இறக்கி, ஆளை ஏற்றித் திரும்பவேண்டும். திட்டம் நல்ல திட்டம்தான். இருபத்திரண்டு வருஷத்துப் பழக்கத்தை யாரும் நினைத்துப் பார்க்கவில்லை.

அம்மா மைக்கில், பின்பக்கம் ஒன்பதாம் நடைமேடையிலிருந்து வண்டி புறப்படும் என்றாள். ஜனங்கள் பெண் குரலைக் கேட்டதும் முன்பக்கம் ஓடினார்கள். மூடின வாசலில் போய் இடித்துக்கொண்டு நின்று கத்தினார்கள். வருகை மாமா, இப்போது வந்திருக்கும் வண்டி உடனே திரும்பும், ஏறிக்கொள்ளுங்கள் என்று தொண்டை கிழியச் சொன்னார். ஆண் குரல்தானே என்று யாரும் பெஞ்சை விட்டு எழுந்திருக்கவில்லை. வண்டிகள் காலியாகப் போயின. போன வண்டிக்குக் காத்திருந்தவர்கள் அடுத்த வண்டிக்காரரோடு சண்டைக்குப் போனார்கள். ஒரு மணி நேரத்தில் நிலையம் ரெண்டுபட்டது.

இனி மைக்கில் சொல்லிப் பயனில்லை, நேரில் போய்த் திருப்பிவிடலாம் என்று அம்மாவும் வருகை மாமாவும் கீழே கூட்டத்துக்குள் ஓடினார்கள். அந்த அவசரத்தில் அம்மா, இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, மைக்கை அணைக்காமல் போய்விட்டாள். விளக்கு எரிந்திருந்தால் யாராவது பார்த்திருப்பார்கள்.

பெருசு அறைக்குள் வந்தபோது மேலாளர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தார். தொலைபேசி மணி அடித்தது. தலைமை அலுவலகம். பெருசு பின்னால் நிற்பதை அவர் கவனிக்கவில்லை, மைக்குக்குப் பக்கத்தில் இருந்த தொலைபேசியை எடுத்துக் குனிந்து பேசினார்.

"ஆமா சார், அந்த அறிவிப்பாளர் வேலைக்குத்தான். ஒண்ணு வந்திருக்கு விண்ணப்பத்தோட. ஆம்பளையா பொம்பளையான்னு தெரியல சார், அதோட குரலும் அப்படித்தான். இன்னைக்கு இருக்கிற ரகளையில அது வேற. கொஞ்ச நேரம் பேச விட்டு, சரிப்பட்டு வரலன்னு சொல்லி அனுப்பிடறேன் சார்."

நிலையத்தில் பன்னிரண்டு ஒலிபெருக்கிகள். கழிப்பறைக்கு வெளியே ஒன்று, சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஒன்று. பன்னிரண்டிலும் ஒன்றுவிடாமல் போயிற்று.

முதலில் புரிந்துகொண்டது பெருசு. கண்ணாடி வழியாகப் பார்த்தது. கத்திக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே நின்று மேலே பார்த்துக்கொண்டிருந்தது. நடுவில் அம்மா, ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். தன் கை மறந்த மைக்கில்தான் இது வந்தது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பெருசுக்குக் காது இரண்டும் சுட்டன. பேசிப் பார்க்கட்டும் என்று சொன்னதெல்லாம் கண் துடைப்புதானா? அழுகை தொண்டைவரை வந்தது. இன்றைக்குத் தொண்டைக்கு வேறு வேலை இருக்கிறது என்று அதை விழுங்கியது. ஓடிப்போய்விடலாமா என்றும் ஒரு கணம் தோன்றியது. ஆனால் எல்லாரும் கேட்டாயிற்று, இனி ஒளிக்க என்ன இருக்கிறது?

அப்போதுதான் ஒன்றைக் கவனித்தது. நிலையம் அமைதியாக இருந்தது. முன்பக்கமும் ஓடாமல், பெஞ்சிலும் சாயாமல், அத்தனை பேரும் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். இப்படி ஒரு காட்சியைப் பெருசு பிறந்ததிலிருந்து பார்த்ததில்லை. இந்த அமைதி எத்தனை நேரம் தாங்கும்? அரை நிமிடம், மிஞ்சினால் ஒரு நிமிடம்.

இங்கிருந்து நானும் மாற்றிக்கொள்கிறேன்.

பெருசு மேலாளரைத் தாண்டிப் போய் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். மைக்கைத் தன் உயரத்துக்குத் திருப்பினார். மேலாளர் கையில் ரிசீவரோடு திரும்பிப் பார்த்து, மைக்கைப் பார்த்து, கண்ணாடிக்கு வெளியே பார்த்து, வெளுத்துப் போனார். பெருசு பேசினார்.

"பயணிகளின் கவனத்திற்கு. மேலாளர் அவர்கள் இப்போது குறிப்பிட்ட அந்த 'ஒண்ணு' பேசுகிறேன்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். பத்து பேர் சேர்ந்து சிரித்தார்கள். அவமானப்படுத்துகிற சிரிப்பு இல்லை, பக்கத்தில் வந்து நிற்கிற சிரிப்பு.

"முன்வாசல் மூடியிருக்கிறது. அங்கே நிற்பவர்கள் திரும்பி வாருங்கள். என் குரலை வைத்து வண்டி வருகிறது என்றும் நினைக்க வேண்டாம், போகிறது என்றும் நினைக்க வேண்டாம். என்ன சொல்கிறேன் என்று கேளுங்கள். எண் நாற்பத்தேழு, பின்பக்கம், ஒன்பதாம் நடைமேடை. இன்னும் ஐந்து நிமிடத்தில் புறப்படும்."

நாற்பத்தேழு அப்பாவின் வண்டி. நிலையத்துக்குள் ஹாரன் அடிக்கக் கூடாது, அடித்தால் எழுத்தில் விளக்கம் கேட்பார்கள். அப்பா ஒரு தடவை, நீளமாக, அடித்தார். ஜனங்கள் அந்தப் பக்கம் திரும்பினார்கள். நடந்தார்கள், ஓடவில்லை. ஒவ்வொரு அறிவிப்புக்கும் முன்னால் இவர் வருகை சொல்கிறாரா புறப்பாடு சொல்கிறாரா என்று தெரியாததால், நிலையமே ஒவ்வொரு வார்த்தையையும் கேட்டது. எட்டாம் நடைமேடை என்றால் எட்டுக்குப் போனார்கள். காத்திருங்கள் என்றால் காத்திருந்தார்கள். வருகை மாமா கீழே டீ ஒன்று வாங்கிக் குடித்துக்கொண்டே அண்ணாந்து கேட்டார். முக்கால் மணி நேரத்தில் பெஞ்சுகளில் இடம் கிடைத்தது, சண்டைக்காரர்களெல்லாம் வண்டியில் இருந்தார்கள்.

மேலாளர் அந்த முக்கால் மணி நேரமும் மூலையில் நின்றுகொண்டிருந்தார். போகவும் மனசில்லை, இருக்கவும் முகமில்லை. மறுபடி தொலைபேசி அடித்தது. தலைமை அலுவலகம்தான். ரிசீவரை எடுப்பதற்கு முன்னால் அவர் மைக்கின் பொத்தானுக்குக் கையைக் கொண்டுபோனார். பெருசு பொத்தான்மேல் தன் கையை வைத்துக்கொண்டார்.

"இருக்கட்டும் சார். அப்ப எல்லாரும் கேட்டாங்க. இப்பவும் கேக்கட்டும்."

குரலை உயர்த்தவில்லை. மேலாளர் நினைத்திருந்தால் தன் அறைக்குப் போய் அந்தத் தொலைபேசியில் பேசியிருக்கலாம். அதிகாரம் அவருடையது, யாரும் தடுத்திருக்க முடியாது. அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்தார். அம்மா அதே இடத்தில் நின்றுகொண்டிருந்தாள், இப்போது வாயிலிருந்து கையை எடுத்திருந்தாள். மேலாளர் தொண்டையைக் கனைத்தார். அதுவும் பன்னிரண்டு ஒலிபெருக்கியில் கேட்டது.

"சார், வணக்கம். கொஞ்சம் முன்னாடி நான் ஒண்ணு வந்திருக்குன்னு சொன்னேன். தப்பு சார். ஒருத்தர் வந்திருக்காங்க. இப்ப நிலையத்தைச் சரி பண்ணினது அவங்கதான். திங்கக்கிழமையிலருந்து அவங்களே வரட்டும்னு நான் எழுதி அனுப்பறேன்."

அந்தப் பக்கம் ஏதோ கேட்டார்கள். என்ன கேட்டார்கள் என்று நிலையத்தில் யாருக்கும் காது கொடுத்துக் கேட்கவேண்டிய அவசியம் இருக்கவில்லை. மேலாளர் ஒரு தடவை பெருசைத் திரும்பிப் பார்த்தார்.

"குரலா சார்? தெளிவு சார்."

அம்மா படியேறி அறைக்கு வந்தபோது மூச்சு வாங்கியது. மைக்கை அணைத்தாயிற்றா என்று தானே பொத்தானைத் தொட்டுப் பார்த்தாள். பிறகுதான் வாயைத் திறந்தாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாள் மறந்தேன், அது இன்றைக்கா இருக்கவேண்டும் என்று அழுதாள். நல்லவேளை மறந்தாயம்மா என்று சொல்லிப் பெருசு அவளை நாற்காலியில் உட்கார வைத்தார். அன்றைக்கு வீட்டுக்குப் போனதும் அம்மா செருப்பைக்கூடக் கழற்றாமல் எதிர்வீட்டுக்காரியிடம், எங்க பெருசு வேலைக்குச் சேந்துடுச்சு என்று சொன்னாள். எதிர்வீட்டுக்காரி இந்தத் தடவை மாமனாரை இழுக்கவில்லை.

சிவப்பு விளக்கை மறுநாளே மாற்றிவிட்டார்கள். முன்வாசலும் பத்து நாளில் திறந்துவிட்டது. பெண் குரல் என்றால் முன்பக்கம் ஓடுகிற பழக்கம் காலையில் இன்னும் இருக்கிறது, அம்மாவால் அதை மாற்ற முடியவில்லை. பிற்பகலில் மட்டும் கிடையாது. பிற்பகலில் ஒலிபெருக்கி கரகரத்ததும் பெஞ்சுகள் அமைதியாகிவிடும். ஒருநாள் வெளியூரிலிருந்து புதிதாக வந்த ஒருவர் குரலைக் கேட்டுக் குழம்பிப்போய்ப் பக்கத்திலிருந்த பெண்ணைத் தொட்டு, வருதா போகுதா என்று கேட்டார். அந்தப் பெண் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"சும்மா இருங்க. அவங்க சொல்றதைக் கேப்போம்."